ஓசியில் கிடைத்த ஓசைக்கும் உரியவர் உண்டு

கணினியில் இசை செய்யும் நம் பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேர்பிடித்திருக்கிறது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் சாம்பிள், லூப், சிந்த் பேட்ச் எதுவானாலும் அது ஆளில்லாச் சொத்து. இறக்கலாம், வெட்டலாம், பாட்டில் போடலாம், பெயரை மாற்றி விற்கவும் செய்யலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொடுத்தவர் ஓர் உரிமக் குறிப்பை இணைத்திருந்தால் உடனே முகம் சுளிக்கிறார்கள்: "சும்மா கொடுத்தவனுக்கு நிபந்தனை எதற்கு? நிபந்தனை போட்டால் அது இலவசமே இல்லையே!"

கேட்பதற்குத் தாராள மனத்தின் குரல் போலத்தான் இருக்கும். ஆனால் நிபந்தனையற்ற இலவசத்தில் கடைசியில் கொழிப்பது யார் என்று பாருங்கள். வக்கீலும் கடையும் விநியோகக் கணக்கும் வைத்திருப்பவர்கள்தான். வாசித்தவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை, பெயர்கூட. இலவசமாகத் தரும் ஓசைக்கு நிபந்தனை கட்டாயம் வேண்டும். அது அறத்தோடும் தெளிவோடும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஒரு பதிவை இணையத்தில் போட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தால் உரிமை கரைந்துபோவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 21ஆம் பிரிவு, உரிமையைத் துறக்க விரும்புபவர் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் அல்லது பொது அறிவிப்புச் செய்ய வேண்டும் என்கிறது. துறப்பதற்கே வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றால், சொல்லாதவரின் உரிமை முழுதாக அவரிடமே இருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே உரிமக் குறிப்பு இல்லாத 'இலவச' சாம்பிளை நேர்மையான ஒருவர் தொடவே முடியாது. நேர்மையைப் பற்றிக் கவலைப்படாதவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நல்லவரைக் கட்டிப்போட்டு மற்றவரை அவிழ்த்துவிடும் இந்த மௌனத்தையா தாராளம் என்கிறோம்?

இலவச ஓசைப் பகிர்வின் வரலாறும் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்பதில்லை. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழக இசைத் தொழில்நுட்பக் குழு 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட், இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் கொண்ட பொதுக் களஞ்சியம். அது பிறந்ததே கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அமைப்பின் 'சாம்பிளிங் பிளஸ்' என்ற உரிமத்தோடுதான். எடுத்து உருமாற்றிப் புதிய படைப்பில் சேர்க்கலாம். விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்த உரிமம் 2011இல் கைவிடப்பட்டது. இன்று பதிவிடுபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ, பெயரைச் சொன்னால் போதும் என்னும் சிசி பை, வணிகத்துக்கு ஆகாது என்னும் சிசி பை என்சி. இருபது ஆண்டுகளாக உலகம் அள்ளிக் குடிக்கும் கிணறு இது. நிபந்தனைகள் அதை வற்றவைக்கவில்லை.

நிபந்தனை இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை அறிய 'ஏமென் பிரேக்' கதையே போதும். அமெரிக்காவின் தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் பதிவு செய்த 'ஏமென், பிரதர்' பாட்டில் டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியாக வாசிக்கும் இடம் ஏழு வினாடிக்குள் முடிந்துவிடும். 1986இல் டிஜேக்களுக்கான தொகுப்புத் தட்டு ஒன்றில் அது இடம்பெற்றது. அதன் பிறகு ஹிப்ஹாப்பில் நுழைந்து, ஜங்கிள், டிரம் அண்ட் பாஸ் என்னும் வகைகளுக்கே முதுகெலும்பாகி, ஆயிரக்கணக்கான பாடல்களில் ஒலித்தது. எல்லோரும் அதைப் பொதுச்சொத்தாகவே நினைத்தார்கள். கோல்மன் 2006இல் வீடின்றி, வறுமையில் இறந்தார். பாட்டின் உரிமையாளரான ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு இந்தப் பயன்பாட்டுக்காக ராயல்டி என்று ஒன்று வந்ததே இல்லை. 2015இல் இசை ரசிகர்கள் தாங்களாகவே திரட்டிக் கொடுத்த 24,000 பவுண்டுதான் அவர் பார்த்த பணம். அந்த ஏழு வினாடியின் மேல் ஒரு தொழிலே எழுந்து நின்றது. அதன் கணக்கில் அடித்தவரின் கைக்கு மட்டும் பங்கில்லை.

இன்னொரு கதையில் பணத்தோடு ஊரும் சேர்ந்து தொலைந்தது. சாலமன் தீவுகளின் மலைத்தா தீவில் 1970இல் அஃபுனக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை இசையியலாளர் ஹியூகோ ஜெம்ப் பதிவு செய்தார். யுனெஸ்கோவின் இசைத் தட்டு வரிசையில் அது வெளியானது. 1992இல் பிரான்சின் டீப் ஃபாரஸ்ட் குழு அந்தக் குரலை எடுத்து 'ஸ்வீட் லல்லபி' ஆக்கியது, உலகமெங்கும் வெற்றி. நான்கு ஆண்டு கழித்து நார்வேயின் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பாரெக் அதே மெட்டை வாசித்தபோது அதற்கு வைத்த பெயர் 'பிக்மி லல்லபி'. பசிபிக் கடல் தீவொன்றின் தாய்ப்பாட்டு ஆப்பிரிக்கக் காட்டுப் பாட்டாகிவிட்டது. "பெயர் போடுவது வெறும் மரியாதைக்கு" என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? பெயர்தான் ஓர் ஓசையின் முகவரி. அது கழன்று விழுந்தால் யாரும் யாருடையதையும் எதுவென்றும் சொல்லலாம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். பறை, உறுமி, உடுக்கை, நாகஸ்வரம், ஒப்பாரிக் குரல் என்று நம் ஓசைகளுக்கு இன்று சாம்பிள் சந்தையில் நல்ல கிராக்கி. இந்த வேலை எப்படி நடக்கிறது? ஒரு குழுவை ஸ்டுடியோவுக்கு அழைத்து, ஒரு நாள் கூலி கொடுத்து, ஒவ்வொரு அடியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தால் நூற்றுக்கணக்கான துண்டுகள் தேறும். 'பறை ஹிட் 01', 'பறை ஹிட் 02' என்று கோப்புகளுக்குப் பெயர் விழும். வாத்தியத்துக்குப் பெயர் இருக்கிறது. வாசித்த ஆளுக்குத்தான் இல்லை. பிறகு பதிவு செய்தவர் பெருந்தன்மையோடு அதை இலவசமாக வெளியிடுவார், நாமும் கைதட்டுவோம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதைத்தான். வாசித்தவர் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று கேட்காமல் அவருடைய ஓசையைத் தானம் செய்ய மைக் வைத்திருப்பவருக்கு உரிமை ஏது? 2012இல் திருத்தப்பட்ட நம் சட்டத்தின் 38பி பிரிவு, நிகழ்த்துக் கலைஞருக்குத் தன் பெயர் அடையாளப்படுத்தப்படவும், தன் நற்பெயர் கெடும்படி நிகழ்ச்சி சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் உரிமை தந்திருக்கிறது. பதிவு செய்தவர் சிசி ஜீரோ பொத்தானை அழுத்துவதால் அடுத்தவரின் அந்த உரிமை அழிந்துவிடாது.

"இப்படி எல்லாவற்றுக்கும் வேலி கட்டினால் புதிய இசை எப்படிப் பிறக்கும்?" என்பது அடுத்த கேள்வி. ரிஹானாவின் 2007ஆம் ஆண்டுப் பாட்டான 'அம்ப்ரெல்லா'வின் டிரம்ஸ், ஆப்பிளின் கராஜ்பேண்ட் மென்பொருளோடு எல்லோருக்கும் கிடைக்கும் 'வின்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற லூப். அந்த லூப்களைப் பாட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம், விற்கலாம். லூப்பை லூப்பாகவே தனியாக விநியோகிக்கக் கூடாது என்பது ஆப்பிளின் நிபந்தனை. அந்த நிபந்தனை 'அம்ப்ரெல்லா'வை உலகம் சுற்றவிடாமல் தடுக்கவில்லையே. படைப்பவனுக்கு அது ஒரு தடையாகவே தெரியாது. தொகுப்பைப் பெயர் மாற்றி விற்க நினைப்பவனுக்குத்தான் தடை.

எல்லா ஓசைக்கும் ஒரே நிபந்தனை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிந்த் பேட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் ஆகியவற்றின் அளவுகளைக் குறிக்கும் எண்களின் பட்டியல். யமஹா 1983இல் கொண்டுவந்த டிஎக்ஸ்7 சிந்தில் 32 பேட்ச்கள் கொண்ட ஒரு முழுத் தொகுதியே 4 கிலோபைட்தான். அதன் 'இ.பியானோ 1' அந்தப் பத்தாண்டின் காதல் பாடல்களை நிறைத்தது. என்யாவின் 'ஒரினோகோ ஃப்ளோ'வில் (1988) துள்ளும் தந்தி ஓசை, ரோலண்ட் டி-50இல் கடையிலிருந்து வரும்போதே இருந்த பிரீசெட். இந்த எண்களுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதே சந்தேகம். என் கருத்தில் பேட்ச்சைக் கை திறந்து, சிசி ஜீரோவில் கொடுத்துவிடுவதே நல்லது. 2018இல் சர்ஜ் என்ற சிந்த் கட்டற்ற மென்பொருளாகத் திறந்துவிடப்பட்டபின் எத்தனையோ பேர் கூடி அதை வளர்க்கிறார்கள்; பேட்ச்களும் அதே ஆற்றில் ஓடட்டும். எண்கள் யாருடைய மூச்சும் அல்ல. குரல் ஒருவருடைய மூச்சு. சடங்கில் மட்டும் ஒலிக்கும் ஒரு பாட்டு ஓர் ஊரின் மூச்சு. அங்கேதான் நிபந்தனை கறாராக இருக்க வேண்டும்.

கட்டற்ற மென்பொருள்காரர்கள் இந்த இடத்தில் மறுப்பார்கள். எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தும் சுதந்திரமே முதல் சுதந்திரம், அறம் பேசும் உரிமங்கள் அதைக் குலைக்கும் என்பது அவர்கள் வாதம். மென்பொருளுக்கு அது சரி. சுத்தியலுக்கு நிபந்தனை போட முடியாது. ஆனால் பாடியவரை விட்டுத் தனியே நிற்கும் குரல் என்று ஒன்று இல்லை. நியூசிலாந்தின் தே ஹிகு மீடியா என்ற மாவோரி ஊடக நிறுவனம் 2018இல் பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கும் மேலான மாவோரிப் பேச்சை மக்களிடமிருந்து திரட்டியது. பெரிய நிறுவனங்கள் கேட்டும் கொடுக்கவில்லை. காவலர் பொறுப்பு என்ற தங்கள் மரபுக் கருத்தில் தனி உரிமமே எழுதிக்கொண்டது. அந்தக் குரல்களால் வரும் பயன் முதலில் பேசிய மக்களுக்குச் சேர வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இதைப் பேராசை என்று யார் சொல்ல முடியும்?

"போகட்டும், உரிமத்தை யார் படிக்கிறார்கள்?" என்பது கடைசி அம்பு. படிக்கிறார்கள். 2024இல் ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனம் 'ஸ்டேபிள் ஆடியோ ஓப்பன்' என்ற ஒலி உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை வெளியிட்டது. அதற்குப் பயிற்சி கொடுத்த பதிவுகளில் ஏறத்தாழ 4.7 லட்சம் ஃப்ரீசவுண்டில் இருந்து வந்தவை. அவர்கள் எடுத்துக்கொண்டது சிசி ஜீரோ, சிசி பை, பழைய சாம்பிளிங் பிளஸ் உரிமங்களில் இருந்தவற்றை. வணிகத்துக்கு ஆகாது என்று குறித்தவற்றை விட்டுவிட்டார்கள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று யோசிக்காமல் அழுத்திய பொத்தானே உங்கள் ஓசை இயந்திரத்துக்குள் போவதையும் போகாததையும் தீர்மானித்துவிட்டது. அதே ஆண்டு 'லால் சலாம்' படப் பாட்டுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீட்டார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் அனுப்பியதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதைப் பற்றி மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால் கேட்டுச் செய்வது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

என் பக்கத்து ஆட்களின் தவறையும் சொல்லியாக வேண்டும். "நல்ல காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தவும்", "தீயவர்களுக்கு அனுமதியில்லை" என்று எழுதுவது அறம் ஆகாது, சோம்பல். எது நல்லது என்று யார் தீர்ப்பது? 'வணிகத்துக்கு ஆகாது' என்பதும் அவ்வளவு தெளிவானதல்ல. யூடியூபில் விளம்பரம் ஓடும் ஒரு குறும்படம் வணிகமா, இல்லையா? கிரியேட்டிவ் காமன்ஸ் பெயரைப் போட்டுவிட்டுக் கீழே சொந்தமாக நான்கு தடைகளை ஒட்டுவதும் செல்லாது; கூடுதல் நிபந்தனை வேண்டுமென்றால் தனி உரிமமாக, வேறு பெயரில் எழுதுங்கள்.

எழுதுவது கடினமும் அல்ல. சாம்பிள் தொகுப்போடு ஒரு பக்கக் குறிப்பு போதும். யார் வாசித்தது, எந்த ஊர், எப்போது, எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது முதலில். பாட்டிலும் படத்திலும் பயன்படுத்தலாம், காசும் சம்பாதிக்கலாம் என்பது அடுத்து. பிறகு தடைகள்: தொகுப்பைத் தொகுப்பாகவே விற்கக் கூடாது, குரலை அனுமதியின்றி இயந்திரத்தால் நகலெடுக்கக் கூடாது, இந்த ஓசையைத் தன் தனி உடைமையாக யூடியூபின் உரிமை கண்டறியும் அமைப்பான கன்டென்ட் ஐடியில் பதியக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை மிக முக்கியம். எல்லோருக்கும் பொதுவான லூப்பை வைத்துப் பாட்டுச் செய்யும் ஒருவர் அதைப் பதிந்துவிட்டால், அதே லூப்பைப் பயன்படுத்திய மற்றவர்களின் வீடியோக்கள் மேல் உரிமைக் கோரிக்கை விழும். ஓசையைக் கொடுத்தவரின் வீடியோவுக்கும் அதே கதிதான். தனி உரிமை இல்லாததைப் பதியக் கூடாது என்று யூடியூபின் விதியே சொல்கிறது. அதை உங்கள் குறிப்பிலும் எழுதிவையுங்கள்.

எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டுக் குறிப்பில் ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகாது. நீங்கள் எதை எதை இறக்கினீர்கள் என்ற பெயர்ப் பட்டியலை ஃப்ரீசவுண்டே தொகுத்துத் தருகிறது. ஒட்டுவதுதான் உங்கள் வேலை. காசு கேட்காமல் கொடுத்தவர், பெயரைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறார். அதையும் கொடுக்க மனமில்லாதவர் அந்த ஓசையைத் தொட வேண்டாம்.