சின்னம்மாவும் ஒரு மனேஜர்தான்



எங்கட வாசிப்பு வட்டத்தில 'மனேஜர்' எண்டால் அது கிட்டத்தட்ட வசைச்சொல். நானும் அப்படித்தான் பாவிச்சு வந்தேன். போன குளிர்காலம் தீசிஸ் எழுத மேற்கு சிட்னியில் சின்னம்மா வீட்டில் தங்கினதுக்குப் பிறகு கொஞ்சம் யோசிக்கிறேன்.

சின்னம்மா ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல வோர்ட்டில் நேர்ஸ்மாருக்குப் பொறுப்பாக இருக்கிறா. விடிய ஐந்தரைக்குப் போன் அடிக்கும். யாரோ "இண்டைக்கு ஏலாது" எண்டு சொல்லுவினம். ஏழு மணி ஷிப்டுக்கு ஆள் வேணும். குசினி மேசையில் ரோஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக எடுப்பா. ஒருநாள் நான் எண்ணினேன்: 11 அழைப்பு. கடைசியாக ஓம் எண்டவள் முதல்நாள் இரவு பத்து மணி வரை வேலை செய்த பெட்டை. போனை வைத்துவிட்டு, "பாவம், இண்டைக்கும் அவளைத்தான் வருத்துறன்" எண்டா சின்னம்மா. தேத்தண்ணி அப்படியே ஆறிப்போச்சு.

அந்தப் பெட்டை பிறகு முறைப்பாடு போட்டாள். சின்னம்மாவுக்கு எதிராகத்தான். நான் அவளின் பக்கம். ரோஸ்டரில் பேர் போடுகிற அதிகாரம் அதிகாரம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் புதுசாக ஒரு ஆளை எடுக்கவோ, சம்பளத்தைக் கூட்டவோ, நிரம்பின வோர்ட்டுக்கு இன்னொரு நோயாளி வேண்டாம் எண்டு சொல்லவோ சின்னம்மாவுக்கு அதிகாரம் இல்லை. பற்றாக்குறையை முடிவு செய்கிறவை மேலே இருக்கினம். அதைப் பங்குபோட்டுக் குடுக்கிற வேலையும் திட்டு வாங்கிற வேலையும் சின்னம்மாவுக்கு.

மேலே என்ன நடக்குது எண்டதை 2025 ஜனவரி காட்டிச்சு. நியூ சவுத் வேல்ஸ் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநல மருத்துவர்களில் 200க்கு மேற்பட்டோர் ஒன்றாக ராஜினாமாக் கடிதம் குடுத்தார்கள். அது நிரந்தர மனநல நிபுணர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இடங்கள் வெறுமையாகக் கிடக்குது, ஆட்கள் வேறு மாநிலங்களுக்கும் தனியாருக்கும் போகினம், 25 வீதம் கூட்டுங்கோ எண்டு கேட்டார்கள். மின்ஸ் அரசாங்கம் காசில்லை எண்டது. அதே நேரம் வெற்றிடங்களை நிரப்ப, நாட்கூலிக்கு வரும் தற்காலிக மருத்துவர்களுக்குப் பல மடங்கு குடுத்தது. கடைசியில் தொழில் உறவுகள் ஆணையம் அக்டோபரில் தற்காலிகமாக 20 வீதம் குடுக்கச் சொன்னது. இதைச் செய்தது லேபர் அரசாங்கம். எங்கட அப்பா அம்மாமார் 'எங்கட கட்சி' எண்டு வோட்டுப் போடுகிற அதே லேபர்.

'காசில்லை' எண்டது பொய் எண்டதற்கு விக்டோரியாவைப் பாருங்கோ. அங்கே மனநல அமைப்பு பற்றிய ராயல் கமிஷன் 2021இல் இறுதி அறிக்கை குடுத்தது. 2022 ஜனவரியிலிருந்து, வருடச் சம்பளச் செலவு 1 கோடி டொலருக்கு மேல் உள்ள முதலாளிகளிடம் மனநலத்துக்கெண்டே தனி வரி அறவிடுகிறார்கள். மெல்பேர்னில் எல்லாம் சரியாகிட்டுது எண்டு நான் சொல்லேல்லை. அங்கேயும் ஆள் தட்டுப்பாடுதான். ஆனால் காசை எங்கே கேட்க வேணும் எண்டாவது தெரிஞ்சிருக்கு.

அந்தக் கமிஷன் நோயாளிகளைத் தனி அறையில் பூட்டுவதையும் கட்டிப்போடுவதையும் பத்து வருடத்துக்குள் இல்லாமல் செய்யவும் சொன்னது. ஆள் போதாத வோர்ட்டில் அது எப்படி நடக்கும்? கோபத்தில் கத்துகிற ஒருவருக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்து கதைக்க ஒரு நேர்ஸ் வேணும். ஆள் இல்லாட்டி கதவுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது, பிரிட்ஜிங் விசாவில் பத்து வருடத்துக்கு மேல் அலைக்கழிஞ்ச எங்கட அண்ணா ஒருவராகவும் இருக்கலாம். எங்கட சனம் 'விசர்' எண்ட ஒரு சொல்லோட முடிச்சு விடுகிற விஷயம் இது.

ஆகவே நேர்ஸ்மாரின் யூனியன் ஆளணி விகிதம் கேட்டுத் தெருவில் இறங்கினால் நாங்களும் நிற்க வேணும். 'மனநல வோர்ட்டுக்கும் அதே விகிதம்' எண்டு சத்தமாகக் கேட்க வேணும். விக்டோரியா மாதிரி ஒரு வரியை இங்கேயும் கேட்க வேணும். அந்தப் பெட்டையையும் சின்னம்மாவையும் ஒரே மேசையில் இருத்துகிற அரசியல் எங்களுக்குத் தேவை.

அடுத்த சந்திப்புக்குச் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். ஓம் எண்டு சொல்லியிருக்கிறா. அண்டைக்கு விடிய போன் வராமல் இருக்க வேணும்.