முத்திரை போதுமா, டீச்சரம்மா?

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் மயிலாப்பூர் டீச்சர் ஒருவர், கணவரோடு கனடா போகிறார். "அபாஸ்டில் முத்திரை குத்திட்டா போதும்மா, அங்கே வேலை ரெடி" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கறந்துவிட்டார் தி.நகர் ஏஜென்ட் ஒருவர்.

சுத்தப் புரட்டு! முத்திரைக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான். 2024 ஜனவரி முதல் அது கனடாவிலும் செல்லும். ஆனால் கையெழுத்தும் சீலும் நிஜம் என்று மட்டுமே அது சொல்லும். டீச்சர் லைசென்ஸ் தருவது அந்தந்த மாகாணம். 1992 சட்டப்படி அமைந்த நம்ம இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பெயர் பதிந்திருந்தாலும், அங்கே தனியாக மனுப் போட்டே ஆகவேண்டும். என்ன படித்தீர்கள், வகுப்பில் எவ்வளவு பயிற்சி என்று குடைவார்கள்.

கல்லூரிக்காரர்களே! பட்டத்தோடு அந்த விவரத்தையும் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கடல் தாண்டிப் போனவர் போன் போட்டுக் கெஞ்ச வேண்டுமா?