வண்டிக்கு வயசு என்ன பாஸ்?

ஆம்பூர்ல ஏதோ ஷெட்ல பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தூசி படிஞ்சு நிக்குதுன்னு யாராவது சொன்னா, உடனே அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. முதல்ல வயசைக் கேளுங்க!

1961-ல ட்ரையம்ப் ஹெரால்டு வண்டலூர்ல தயாராக ஆரம்பிச்சது. அதோட சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல இங்கிலாந்துக்காரங்க ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைப் பண்ணாங்க. நாலு கதவு ஹெரால்டு நம்மூர் ஸ்பெஷல், பிந்தைய மாடல். 'கெஸல்'னு பேர் இருந்தா 1972-க்கு முந்தினது இல்ல.

சீட் பளபளப்புல மயங்காதீங்க. தோல் ஊர்ல புது சீட் தைக்கிறதா கஷ்டம்? சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க. டைனமோ மாதிரி பல லூகாஸ் பாகங்கள்ல மாசமும் வருஷமும் குத்தியிருக்கும். ஒண்ணு மாத்தினதா இருக்கலாம். நாலும் ஒரே வருஷம் சொன்னா நம்பலாம்.

மாடல் வருஷம் தனிக் கூத்து. 1964 மார்ச்ல தயாரிப்பு தொடங்கின ஃபோர்டு மஸ்டாங்கை, கம்பெனியே 1965 மாடல்னுதான் கணக்குல வெச்சது!

விக்கிறவர் ஃபேக்டரி வருஷத்தை அளப்பார். ஆர்.டி.ஓ.வுக்கு வேண்டியது முதல் பதிவுத் தேதி. 2021 விதிப்படி அதிலேர்ந்து 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாம இருந்தாத்தான் 'வி.ஏ.' விண்டேஜ் நம்பர். கட்டணம் 20,000 ரூபாய். தினம் காலேஜுக்கு ஓட்டவும் முடியாது... கண்காட்சி, ராலிக்கு மட்டும்தான்!