ஊரார் உழைப்பு... சாவி யார் கையில்?

பலர் கூடிச் சேர்த்த சொத்தை ஒருவர் விற்றுக் காசாக்கினால் அதற்கு என்ன பெயர்?

கணினி உலகில் இது நடந்திருக்கிறது. 1990களில் 'எக்ஸ்எம்சிடி' என்ற திறந்த மூல மென்பொருளுக்காக 'சிடிடிபி' என்ற தகவல் களஞ்சியம் உருவானது. இசைத் தட்டைக் கணினியில் போட்டால் பாடல்களின் பட்டியல் திரையில் வரும். அதைத் தட்டச்சு செய்து அனுப்பியவர்கள் உலகெங்குமுள்ள சாதாரண மக்கள். ஒரு காசு கூலி வாங்கவில்லை! 1998-ல் களஞ்சியம் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் உரிமம் பெற்ற மென்பொருளுக்கு மட்டுமே கதவு திறந்தது. 2008-ல் சோனி அதை வாங்கிய விலை ஏறத்தாழ 26 கோடி டாலர்! உழைத்தவர்களுக்குப் பங்கு? ஒன்றுமில்லை.

சிலர் புலம்பிக்கொண்டிருக்காமல் 'மியூசிக்பிரெய்ன்ஸ்' என்ற புதிய களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். 2004-ல் அதற்கென லாப நோக்கற்ற அறக்கட்டளை அமைத்தார்கள். அடிப்படைத் தகவல்களை எவரும் முழுமையாகப் பிரதி எடுக்கலாம். முக்கியத் திருத்தங்களை மற்றவர்கள் பார்த்து வாக்களிக்கிறார்கள். அன்றாடம் புதுப்பிக்கப்படும் தகவலைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பராமரிப்புக்குப் பணம் தருகின்றன. இன்றும் அது நிலைத்து நிற்கிறது!

இளைஞர்களே! ஊர்க் கடைகளின் பட்டியலையோ, ஒரு மென்பொருளுக்கான களஞ்சியத்தையோ கூட்டாக உருவாக்கப் போகிறீர்களா? உரிமை யாருக்கு, பிரதி யாரிடம், செலவு யாருடையது? இந்த மூன்றையும் முதல் நாளே எழுதி வையுங்கள். எழுத்தில்லாத கூட்டு வியாபாரம் எப்படி முடியும் என்பதை வணிகர்களுக்கு நாம் சொல்லவா வேண்டும்?