‘நில்!’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

ஆலையில் ஒருவரின் கை போனால், “கவனக்குறைவு” என்கிறார் முதலாளி. வயலில் பூச்சிமருந்து அடித்தவர் சுருண்டு விழுந்தால், “விதி” என்கிறார் மிராசுதார். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்ற தைரியம் இருவருக்கும் உண்டு.

இந்த இரண்டு சொற்களும் எவ்வளவு பெரிய பித்தலாட்டம் என்று காட்டுவதற்காக, வாசகத் தோழர்களை இந்த வாரம் வெகுதூரம் அழைத்துப் போகிறோம். பூமிப்பந்தின் தென்கோடிக்கு, அன்டார்க்டிகாவுக்கு! விதிதான் மனிதனைக் கொல்கிறதென்றால் அங்கே போனவர்களில் ஒருவர்கூட ஊர் திரும்பக் கூடாது. ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். வேலை செய்கிறார்கள். பெண்டு பிள்ளைகளிடம் திரும்பி வருகிறார்கள். எப்படி?

முதல் வேலை பாடம்

அன்டார்க்டிகா நம் இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட கண்டம். ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டி. சராசரி கனம் சுமார் 2 கிலோமீட்டர். சோவியத் விஞ்ஞானிகளின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரிக்கு இறங்கியது. மரமில்லை, விறகில்லை, ஊரில்லை. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த குடிகளும் இல்லை. போகிறவர் அனைவரும் வெளியூர்க்காரர்களே.

அங்கே நிலையத்தை விட்டு வெளிக்களத்துக்குப் போகிறவர், உலகம் புகழும் விஞ்ஞானியாகவே இருக்கட்டும், முதலில் ஒருவரிடம் பாடம் கேட்டாக வேண்டும். அவர்தான் களப் பாதுகாப்புப் பயிற்சியாளர். பெரும்பாலும் மலையேறிப் பழகிய மனிதர். அவர் என்ன கற்றுக் கொடுக்கிறார்?

வேர்வையே எமன் என்கிறார். பாரம் தூக்குமுன் மேல்சட்டை ஒன்றைக் கழற்றிவிடு. வேர்வையில் நனைந்த துணி, வேலை நின்றதும் உடம்பின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும்.

ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே இருங்கள் என்கிறார். குளிரில் மூக்கும் கன்னமும் உறைந்து வெளுக்கும்போது உறைகிறவனுக்கே அது தெரியாது, மரத்துப் போயிருக்கும். அவனுக்குக் காவல் பக்கத்தில் நிற்கும் தோழனின் கண்தான்.

பனியில் பிளவுகள் உண்டு. கிணற்றின் மேல் ஓலையைப் போட்டு மூடியதுபோல மேலே மெல்லிய பனி மூடியிருக்கும், கீழே பாதாளம். ஆகையால் கயிற்றால் பிணைத்துக்கொண்டு நட, கோலால் குத்திப் பார்த்துக் காலை வை. ஒருவன் விழுந்தால் கப்பி போட்டு மேலே இழுப்பது இப்படி என்று செய்து காட்டுகிறார். கூடாரத்துக்குள் அடுப்பு எரியும்போது காற்றுப் போக்கியை அடைக்காதே. கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும் என்கிறார். நாள்தோறும் குறித்த நேரத்தில் ரேடியோவில் நிலையத்தோடு பேசு. உன் குரல் வராவிட்டால் உன்னைத் தேடும் ஏற்பாடு தொடங்கும் என்கிறார்.

மக்மர்டோ என்ற அமெரிக்க நிலையத்தில் பல ஆண்டுகள் நடந்த பயிற்சி ஒன்று உண்டு. எல்லாருடைய தலையிலும் வெள்ளை வாளியைக் கவிழ்த்து, ஒரு கயிற்றைக் கையில் கொடுத்து, காணாமல் போன தோழனைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிக் கண் குருடாகும் நேரம் அங்கே நிஜமாகவே வரும். அந்த நேரத்தில் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்காது.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று உண்டு. “இன்று வானம் சரியில்லை, நில்!” என்று களவழிகாட்டி சொன்னால் விஞ்ஞானியின் ஆராய்ச்சியும் நிற்கும். ஒரு நாள் வேலை கெட்டதே என்று யாரும் அவர் சீட்டைக் கிழிப்பதில்லை.

இந்தப் பாடத்தை எழுதியவர் யார்?

எந்தக் கம்பெனியின் கருணையிலும் இந்த ஞானம் பிறக்கவில்லை. வடதுருவப் பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழும் இன்யூட் மக்கள்தான் முதல் ஆசிரியர்கள். நார்வே நாட்டு ஆமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை இரண்டு குளிர்காலம் அவர்களிடையே தங்கி, தோலாடை உடுத்தவும் நாய்வண்டி ஓட்டவும் கற்றார். 1911 டிசம்பர் 14 அன்று நால்வருடன் தென்துருவத்தை அடைந்தார்; ஐவரும் உயிரோடு திரும்பினார்கள். “காட்டுமிராண்டிகள்” என்று வெள்ளை ஏகாதிபத்தியம் ஏளனம் செய்த மக்களின் அறிவு அந்த ஐந்து உயிர்களையும் காத்தது.

மற்ற பாடங்களை எழுதியது உழைத்தவர்களின் சாவு. 1965 இல் பிரிட்டனின் ஹாலி விரிகுடா நிலையத்திலிருந்து போன டிராக்டர் ஒன்று பனிப்பிளவில் விழுந்து மூவர் மாண்டார்கள். இன்று பிளவுள்ள தரையில் எச்சரிக்கை இன்றி வண்டி போவதில்லை என்றால், அந்த விதிக்குப் பின்னால் இத்தகைய பிணங்கள் கிடக்கின்றன.

வீரத்தின் விலைப்பட்டியல்

பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. காப்டன் ஸ்காட்டின் வீரத்தைச் சொல்லும். 1912 ஜனவரி 17 அன்று ஸ்காட்டும் நால்வரும் தென்துருவத்தை அடைந்தார்கள்; திரும்பும் வழியில் ஐவரும் மாண்டார்கள். மாடு இழுக்க வேண்டிய பாரத்தை மனிதர்களே நுகம் பூட்டி இழுத்தார்கள். முதலில் விழுந்தவர் எட்கர் எவன்ஸ்; ஐவரில் அதிகாரி வர்க்கத்தைச் சேராத ஒரே கப்பற்படை வீரர். எல்லாரிலும் பெரிய உடம்பு அவருக்கு. ரேஷனோ எல்லாருக்கும் ஒரே அளவு. 1912 பிப்ரவரி 17 அன்று அவர் செத்தார்.

1913 இல் செய்தி லண்டனை எட்டியதும் நடந்தது என்ன? “எவன்ஸ் தளர்ந்ததால் அல்லவா மற்றவர்களுக்குத் தாமதம்!” என்று பத்திரிகைகளில் பேச்சுக் கிளம்பியது. உணவைக் கணக்கிட்டவன் மேல் குற்றமில்லை. பாரத்தை இழுத்துச் செத்தவன் மேல் குற்றம்!

மாண்டவர் குடும்பங்களுக்காக மக்கள் 75,000 பவுன் திரட்டிக் கொடுத்தார்கள். ஸ்காட்டின் குடும்பத்துக்கு 18,000. டாக்டர் வில்சனின் மனைவிக்கு 8,500. போவர்ஸின் தாய்க்கு 4,500. எட்கர் எவன்ஸின் மனைவி, மக்கள், தாய் அனைவருக்கும் சேர்த்து 1,500! ஒரே பனியில், ஒரே பசியில் செத்தவர்களுக்கு இத்தனை விலை! சாவு சமமாக வந்தது; சில்லறைதான் ஜாதி பார்த்தது.

செத்தவன் மேல் பழி

இது பழைய கதை என்பார் உண்டு. 1979 நவம்பர் 28 அன்று நியூஸிலாந்து விமானக் கம்பெனியின் விமானம் ஒன்று, அன்டார்க்டிகாவைச் சுற்றிக் காட்டுவதற்குப் பயணிகளை ஏற்றிச் சென்று, எரிபஸ் என்ற எரிமலையில் மோதியது. 257 பேரில் ஒருவரும் தப்பவில்லை. 1980 இல் வந்த சர்க்கார் அதிகாரியின் அறிக்கை, செத்துப்போன விமானிகளின் மேல் பழி போட்டது.

மக்கள் விடவில்லை. நீதிபதி மஹோன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1981 இல் அவர் உண்மையை வெளியே கொண்டுவந்தார். விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, கம்ப்யூட்டரில் இருந்த பாதையைக் கம்பெனி மாற்றியிருந்தது. விமானிகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமதளமான கடற்பனிமேல் பறக்கிறோம் என்று அவர்கள் நம்பினார்கள். எதிரே நின்றது 3,794 மீட்டர் மலை. வாளிப் பயிற்சி கற்றுத் தரும் அதே வெள்ளைக் குருடு, மலையை மறைத்துவிட்டது. அந்நாட்டுப் பிரதமர் சர்க்காரின் சார்பில் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது 2019 இல். நாற்பது ஆண்டு கழித்து!

“கவனக்குறைவு” என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், தோழர்களே, இந்த 40 ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்டிராக்ட் நுழைந்த இடத்தில்

அப்படியானால் அன்டார்க்டிகா தொழிலாளியின் சொர்க்கமா? இல்லவே இல்லை. 1959 இல் சோவியத் யூனியன் உள்ளிட்ட 12 நாடுகள் செய்த ஒப்பந்தமும், 1991 இல் வந்த சுரங்கத் தடையும் அந்தக் கண்டத்தைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து ஓரளவு காத்தன. ஆனால் நிலையங்களை நடத்தும் வேலையில் கண்டிராக்ட் கம்பெனி நுழைந்துவிட்டது. மக்மர்டோவில் சமைப்பவரும் வண்டி பழுதுபார்ப்பவரும் சீசன் கூலிகள். வாரத்துக்கு 6 நாள், 54 மணி நேரம் வேலை. சீசன் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறர் உயிரைக் காக்கும் பயிற்சியாளரும் பல இடங்களில் ஒப்பந்தக் காலம் முடிந்தால் வெளியே நிற்கிறார்.

2018 டிசம்பரில் மக்மர்டோவுக்கு அருகே தீயணைப்புச் சாதனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். பனிப்பிளவில் விழவில்லை, ஜெனரேட்டர் கட்டடத்துக்குள் மயங்கிக் கிடந்தார்கள். அவர்கள் துணைக் கண்டிராக்டரின் ஆட்கள்.

2022 இல் அமெரிக்க சர்க்காரின் விஞ்ஞான ஸ்தாபனமே வெளியிட்ட அறிக்கையில், அங்கே வேலை செய்த பெண்களில் 59 சதவீதத்தினர் தொல்லைக்கோ தாக்குதலுக்கோ ஆளானதாகச் சொன்னார்கள். வண்டி பழுதுபார்க்கும் பெண்தொழிலாளி ஒருவர் சக ஊழியனுக்குப் பயந்து எப்போதும் சுத்தியலுடன் நடமாடிய செய்தி 2023 இல் வெளிவந்தது. பனிக்கு எதிராகப் பாடம் உண்டு. உடன் வேலை செய்யும் கயவனுக்கு எதிராக ஒரு சுத்தியல்தான்! பாதுகாப்பு என்பது கயிறும் கப்பியும் மட்டுமல்ல. பயமின்றி வாய் திறக்கும் உரிமை இல்லாத இடத்தில் பாதுகாப்பே இல்லை.

நம்மிடம் சொல்லும் சாக்கு

இந்தியாவிலிருந்து 1981 முதல் விஞ்ஞானிகள் அன்டார்க்டிகா போகிறார்கள். போகுமுன் உத்தராகண்டில் உள்ள ஆலி என்ற இடத்தில், இந்தோ-திபெத் எல்லைப் போலீசார் அவர்களுக்குப் பனியில் பயிற்சி கொடுக்கிறார்கள். அப்படியும் 1990 ஜனவரி 8 அன்று ஹம்போல்ட் மலை முகாமில் நடந்த விபத்தில், புவியியல் ஆய்வுத்துறை விஞ்ஞானிகள் மூவரும் கடற்படைத் தொழில்நுட்ப ஊழியர் ஒருவரும் மாண்டார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுப் பலகை இருக்கிறது. அவர்களை நாம் வணங்குகிறோம். பயிற்சி பெற்றவருக்கே இந்த ஆபத்தென்றால், பயிற்சியே இல்லாமல் மெஷினிடம் தள்ளப்படுகிறவர் கதி என்ன?

“பயிற்சி கொடுக்கப் பணம் ஏது?” என்கிறார் முதலாளி. பல்லாயிரம் மைல் தாண்டி, பனிப்பாலைவனத்தில் கூடாரமடித்துப் பாடம் நடத்த முடிகிறது. ஆலை வாசலில் ஒரு வாரம் நடத்த முடியாதா? பணம் இல்லாமல் இல்லை, மனம் இல்லை. ஒரு விஞ்ஞானி செத்தால் உலகம் கேள்வி கேட்கும். ஒரு கூலி செத்தால் வாசலில் இன்னொரு கூலி நிற்கிறான் என்பதே அவர் கணக்கு.

சட்டம் என்ன சொன்னது? போபாலில் 1984 இல் விஷவாயு மக்களைக் கொன்று குவித்த பிறகு, 1948 ஆம் ஆண்டின் ஆலைச் சட்டத்தில் 1987 இல் ஒரு திருத்தம் வந்தது. அபாயகரமான தொழில்களில், உயிருக்கு உடனடி ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி நிர்வாகத்திடம் தெரிவிக்கலாம் என்றது. தெரிவிக்கலாம்! நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. வயலில் மருந்து அடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த ஆலைச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. 1981 இலேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 155-ஆவது உடன்படிக்கை, உடனடி ஆபத்தைக் கண்டு வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று கூறிவிட்டது.

ஆகவே நாம் கேட்பது தர்மமல்ல. வேலையில் இறக்குமுன் பயிற்சி. பயிற்சி நாளுக்கும் முழுக் கூலி. நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள அதே பாதுகாப்பு கண்டிராக்ட் தொழிலாளிக்கும் பெண்தொழிலாளிக்கும். விபத்து விசாரணையில் தொழிலாளர் பிரதிநிதி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தைக் கண்டால் ‘நில்!’ என்று சொல்லும் அதிகாரம். சொன்னவரின் வேலை பறிபோகாது என்ற உத்தரவாதம்.

ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் பனிநாட்டுப் பயிற்சியாளர். ஆலையில் அந்தக் கண்ணுக்குப் பெயர் சங்கம். வயலிலும் அதுவேதான். பக்கத்து மெஷினில் நிற்பவரின் உயிருக்கு நாம் காவல். நம் உயிருக்கு அவர் காவல். தனியொருவர் ‘நில்!’ என்றால் சீட்டைக் கிழிப்பார்கள். ஆயிரம் பேர் ஒரே குரலில் சொன்னால் மெஷின் நின்றே தீரும்!