பரங்கிமலைப் பாறை பிறந்த இடம்



சென்னை செல்லும் நம் குடும்பங்களுள் பல, பரங்கிமலைப் படிகளில் ஏறாமல் ஊர் திரும்புவதில்லை. உச்சியிலுள்ள கோவிலைப் பற்றிப் பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள். காலடியிலுள்ள பாறையைப் பற்றிக் கேட்பவர் அரிது. அண்மையில் ஒரு சிறுவன் கேட்டான்: "சாமி, இந்த மலை நெருப்பிலிருந்து வந்ததா, மண் படிந்து வந்ததா?" தீப்பாறை, படிவுப் பாறை ஆகிய இரண்டையும் பள்ளியில் படித்திருந்தான், மூன்றாம் பாடத்திற்குள் விடுமுறை வந்துவிட்டது போலும். "இரண்டும் இல்லை, தம்பி" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது பின்னரே புலப்பட்டது. அவனுக்கு நான் பட்ட கடனை இங்கே தீர்க்கிறேன்.

மூன்றாம் வகை, உருமாறிய பாறை. ஏற்கெனவே பாறையாயிருந்த ஒன்று, உருகிக் குழம்பாகாமல், திடப்பொருளாய் இருந்தபடியே வேறொரு பாறையாவது இது. வெல்லத்தைக் காய்ச்சினால் பாகாகிறது. அது தீப்பாறையின் கதை. பச்சைச் செங்கல்லைச் சூளையிலிட்டால் பாகாய் ஓடுவதில்லை. எனினும் வெளியே வருவது மழையில் கரையும் பழைய களிமண் அன்று. உருமாற்றம் ஏறத்தாழ இத்தகையது. சுண்ணாம்புப் பாறை சலவைக்கல்லாவதும், சேற்றுப் பாறை முதலில் சிலேட்டாகி, வெப்பம் மிக மிகக் காக்காப்பொன் மின்னும் பாறையாவதும் இவ்வாறே.

இந்தச் சூளை எங்கே உள்ளது? எரிமலைக் குழம்பு பாறைகளுக்குள் புகுமிடத்தில் அதனைத் தொட்டு நிற்கும் பாறை வெந்து மாறும். அது சிறிய சூளை. பெருஞ்சூளை மலைத்தொடர்களின் வேரில் உள்ளது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை உயர்கிறது. நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதும்போது மேலிருந்த பாறைகள் மடிந்து ஆழத்தில் அமிழ்கின்றன. இமயத்தின் அடியில் இன்றும் இது நடைபெறுகிறது. வெப்பம் அணுக்களை இடம்பெயரச் செய்கிறது. அழுத்தம் அவற்றை நெருக்குகிறது. பழைய கனிமங்கள் கலைந்து, அந்த ஆழத்திற்கேற்ற புதிய கனிமங்கள் அமைகின்றன. ஆகவே கனிமங்களைப் பார்த்தே பாறை எவ்வளவு ஆழத்தில் வெந்தது என்று அறிஞர் கணிக்கின்றனர்.

இனிப் பரங்கிமலைக்கு வருவோம். கல்கத்தாவிலுள்ள புனித யோவான் ஆலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜோப் சார்னாக் என்பாரின் கல்லறை இருக்கிறது. அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், பரங்கிமலை, பல்லாவரப் பகுதிப் பாறையும் அதுவும் ஒரே வகை என்று கண்டு, 1893இல் அதற்குச் 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டார். நம் மலைக்கல் இறந்தவர் ஒருவரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுவது இப்படித்தான்!

ஹாலந்து இதனைத் தீப்பாறை என்றே கருதினார். பின்வந்தோர் பலர், இதன் கனிமங்கள் நிலவோட்டின் அடிப்பகுதியில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அமைந்தவை என்று காட்டினர். குழம்பாய்ப் பிறந்து, இறுகிப் பாறையாகி, பின்பு ஆழத்தில் உருமாறியது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். எனவே சிறுவன் நெருப்பைச் சொன்னது முழுப் பிழையன்று. பிழை என் விடையில்தான். இதெல்லாம் நடந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அத்தனை ஆழத்துப் பாறை மேலே வந்தது எப்படி? மழையும் ஆறும் மேலிருந்த மலையை அரித்துச் சென்றன. சரக்கிறக்கிய தோணி நீரில் உயர்வதுபோல, சுமை குறையக் குறைய அடிநிலம் உயர்ந்தது. குளிர்ந்து வருகையில் பாறை ஏன் பழைய உருவுக்குத் திரும்பவில்லை என்று கேட்கலாம். கனிமங்கள் மீண்டும் மாறுவதற்கு நீர் பெரிதும் துணைசெய்யும். இப்பாறையிலோ நீர் மிகக் குறைவு. வற்றிய பாறையாதலால் ஆழத்தில் பெற்ற உருவிலேயே நின்றுவிட்டது.

பரங்கிமலையிலுள்ள இப்பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அது நல்ல செய்தி. ஆனால் சுற்றியுள்ள பல்லாவரம், திரிசூலம் குன்றுகளைக் கல்லுடைப்போர் தோண்டிய குழிகளையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அடுத்த முறை செல்லும்போது, மலையில் கைவைக்க வேண்டாம். வழியோரத்து ஜல்லிக் குவியலில் புதிதாய் உடைந்த ஒரு துண்டைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். எண்ணெய் பூசியதுபோன்ற கருநிறமும் இடையிடையே சற்றே நீலம் படர்ந்த வெங்கச்சங்கல் மணிகளும் தெரிந்தால், அது பெரும்பாலும் அதே பாறைதான்.