வாடகைக்குப் போன மருத்துவமனைகள்

அமெரிக்காவின் ஸ்டீவர்ட் ஹெல்த் கேர் நிறுவனம் 2024 மே மாதம் திவால் மனுத் தாக்கல் செய்தது. எட்டு மாநிலங்களில் 31 மருத்துவமனைகளை நடத்திய நிறுவனம் அது. இத்தகைய வீழ்ச்சிகளைக் கேட்டவுடன் நம்மவர் நாவில் எழும் விடை ஒன்றுண்டு: "வட்டி அழித்துவிட்டது." மேடையில் சொல்ல எளிது, கேட்கவும் இதமானது. ஆனால் அந்தத் திவால் கணக்கைப் பார்த்தவர்கள் இவ்வளவு எளிதாகப் பேச மாட்டார்கள். 900 கோடி டாலரைத் தாண்டிய பொறுப்புகளில் சுமார் 660 கோடி டாலர், வருங்காலத்துக்கெனக் கட்ட ஒப்புக்கொண்ட வாடகை. நாம் ஹலால் என்று தயங்காமல் சொல்லும் அதே வாடகை.

இந்த மருத்துவமனைகளின் வேர் வணிகத்தில் இல்லை. பாஸ்டன் நகரின் கார்னி மருத்துவமனை 1863இல் தோன்றியது. அயர்லாந்திலிருந்து குடியேறிய ஆண்ட்ரூ கார்னி என்ற வணிகர் ஏழைகளுக்காகக் கொடுத்த நன்கொடையில் எழுந்து, கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்திய இல்லம் அது. இதுபோன்ற ஆறு மருத்துவமனைகள் பாஸ்டன் மறைமாவட்டத்தின் கீழ் கடனிலும் ஓய்வூதியச் சுமையிலும் தவித்துக்கொண்டிருந்தன. 2010இல் செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அவற்றை வாங்கியது. இதயநோய் அறுவை நிபுணரான ரால்ஃப் டி லா டோரே தலைவரானார். ஸ்டீவர்ட், அதாவது பொறுப்பாளர் என்று பெயரிட்டார்கள். நம் வழக்கில் முதவல்லி என்றும் சொல்லலாம். பெயர் மட்டும் குறையில்லாமல் அமைந்தது.

2016இல் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மெடிக்கல் பிராப்பர்டீஸ் டிரஸ்ட் என்ற நிலச்சொத்து நிறுவனத்துடன் சுமார் 125 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மருத்துவமனைகளின் நிலமும் கட்டடமும் கைமாறின. நேற்றுவரை சொந்த வீட்டில் இருந்தவர்கள் அதே வீட்டில் குடித்தனக்காரர்களானார்கள். வந்த பணத்தில் பெரும்பங்கு முதலீட்டாளர்களுக்கு ஈவுத்தொகையாகச் சென்றது. மீதமிருந்த பலத்தில் நிறுவனம் மேலும் மருத்துவமனைகளை வாங்கிப் பருத்தது. ஒவ்வொரு புதிய கட்டடத்துடனும் ஒரு புதிய வாடகைச் சீட்டு சேர்ந்தது. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் உயரும் வாடகை. வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் குடியிருப்பவர் தலையில்.

2020இல் செர்பரஸ் வெளியேறியது. மறு ஆண்டு, மருத்துவமனைகள் நிலுவையில் திணறிய காலத்தில், உரிமையாளர்களுக்கு 11 கோடி டாலருக்கு மேல் ஈவுத்தொகை வழங்கப்பட்டது. தலைவர் வாங்கிய சொகுசுப் படகின் விலை 4 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. 2023 அக்டோபரில் செயின்ட் எலிசபெத் மருத்துவமனையில் மகப்பேற்றுக்குப் பின் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு ஏற்பட்டது. இரத்தக்குழாயை அடைக்கும் சிறு கம்பிச் சுருள் தேவைப்பட்டது. நிலுவை கிடைக்காத விற்பனையாளர் சில வாரங்களுக்கு முன்பே அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றிருந்தார். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தத் தாய் இறந்துபோனார்.

செனட் குழு அழைத்தபோது டி லா டோரே வரவில்லை. 2024 செப்டம்பரில் செனட் ஒருமனதாக அவர்மீது அவமதிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே, ஆகஸ்ட் 31 அன்று, கார்னி மருத்துவமனை மூடப்பட்டுவிட்டது.

இனி நம்மிடம் வருவோம். சொத்தை விற்று அதையே வாடகைக்கு எடுப்பது இஸ்லாமிய நிதித்துறைக்குப் புதிதா? இஜாரா ஸுகூக் பத்திரங்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பில்தான் எழுதப்படுகின்றன. உலகின் முதல் இஸ்லாமிய நிலச்சொத்து அறக்கட்டளையாக மலேசியாவில் 2006இல் பங்குச்சந்தைக்கு வந்த அல்-அகார், கேபிஜே குழுமத்தின் மருத்துவமனைக் கட்டடங்களை வாங்கி அக்குழுமத்துக்கே குத்தகைக்குக் கொடுத்தது. அது இன்றும் இயங்குகிறது. அதன்மீது நாம் குற்றம் சாட்டவில்லை. வட்டி இல்லை என்ற ஒரு முத்திரை போதுமென்றால், பாஸ்டனில் எழுதப்பட்ட அந்த வாடகைச் சீட்டும் சிறிது திருத்தத்துடன் தேறிவிடும் என்பதே நம் கவலை.

அந்தத் திருத்தம் என்ன என்பதிலும் ஏமாற்று இருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் இஜாரா என்றால், பொருளின் அடிப்படைப் பழுதும் அழிவும் உரிமையாளரின் சுமை. அவர் வாடகை வாங்கத் தகுதி பெறுவதே அந்தச் சுமையைத் தாங்குவதால்தான். இக்காலப் பத்திரங்களில் வாடகைக்கு இருப்பவரையே உரிமையாளரின் முகவராக நியமித்து, அந்தச் சுமையைச் சுற்றிவளைத்து அவரிடமே சேர்த்துவிடுகிறார்கள். எழுத்தளவில் எல்லாம் சரி. கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

நம் முன்னோர் மருத்துவமனைக்கு வேறு வழி கண்டார்கள். 1280களில் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி பீமாரிஸ்தானுக்குக் கடைகளும் நிலங்களும் வக்ஃபாக எழுதி வைக்கப்பட்டன. அங்கே வாடகை மருத்துவமனையை நோக்கி வந்தது, மருத்துவமனையிலிருந்து வெளியேறவில்லை. வக்ஃபுச் சொத்தை விற்கவோ வாரிசுக்குக் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை, நாளை வரும் பொறுப்பாளர் நல்லவராக இருப்பார் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்ததன்று. அவர் கெட்டவராகவும் இருக்கலாம் என்ற அச்சத்தில் போடப்பட்ட பூட்டு அது. (அந்தப் பூட்டையும் உடைத்த முதவல்லிகள் நம்மிடையே உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

மாசசூசெட்ஸ் மாநிலம் 2025 ஜனவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மருத்துவமனையின் முதன்மை வளாகத்தை இத்தகைய நிலச்சொத்து அறக்கட்டளைகளிடமிருந்து புதிதாகக் குத்தகைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு இனி அங்கே உரிமம் கிடையாது. ஷரீஅத்தை அறியாத ஒரு சட்டமன்றம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஷரீஅத் ஆலோசகர் என்ற பெயரில் ஊதியம் பெறும் நம் அறிஞர்களிடம் நாம் கேட்பது இதுதான்: மருத்துவமனையின் பத்திரம் அடுத்த முறை உங்கள் மேசைக்கு வரும்போது, விற்று வந்த பணம் எங்கே போகிறது என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் படித்த பிறகு கையெழுத்திடுவீர்களா?